காந்தத்திலிருந்து கரண்ட் ஊறுமா?

கேள்வி: எங்கள் லேத் பட்டறைக்கு 3 கிலோவாட் ‘காந்த ஜெனரேட்டர்’ தருவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். டீசல் வேண்டாம், வெயில் வேண்டாம். நியோடிமியம் காந்தத்திலிருந்து ஓயாமல் கொட்டும் மெய்நிகர் துகள்களைப் பிடித்து மின்சாரம் ஆக்குகிறதாம். பிளஸ் டூ படிக்கும் மகனும் “மெய்நிகர் துகள் நிஜம்தான்ப்பா, வீடியோவில் பார்த்தேன்” என்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மகன் பார்த்த வீடியோ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் எழும் படம்தான் கோளாறு.

இது பள்ளியிலேயே ஆரம்பிக்கிற கோளாறு. காகிதத்தில் இரும்புத் தூளைத் தூவி, கீழே காந்தத்தை வைத்து லேசாகத் தட்டினால் தூள் வளைவு வளைவாக வரிசை கட்டும். வட முனையிலிருந்து ஏதோ கிளம்பித் தென் முனைக்குள் பாய்கிறது என்றுதான் பார்க்கிற பிள்ளை நினைக்கும். அங்கே எதுவும் பாயவில்லை. ஒவ்வொரு துணுக்கும் குட்டிக் காந்தமாகி, தலையும் வாலுமாக அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது, பக்கத்து வரிசையைத் தள்ளி நிறுத்துகிறது. கோடும் இடைவெளியும் அப்படி வந்தவை. தூளைக் கொட்டிவிட்டு மறுபடி தூவுங்கள். மொத்த வடிவம் அதேதான், ஆனால் போன முறை காலியாகக் கிடந்த இடத்தில் இப்போது கோடு விழுந்திருக்கும். புலம் எல்லா இடத்திலும் இருக்கிறது. கோடு, அதை நாம் வரைந்து பார்க்கும் முறை.

மெய்நிகர் துகளும் ஏறக்குறைய இந்த ரகம். இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்ற கணக்கு, நீண்டுகொண்டே போகும் ஒரு கூட்டல். 1940களின் கடைசியில் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்தக் கூட்டலின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு சின்னப் படமாக வரைந்தார். படத்துக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் கோடுகளுக்குத்தான் மெய்நிகர் துகள் என்று பெயர். கணக்கு பிரமாதமாகப் பலித்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தக் கருவியிலும் அப்படி ஒரு துகள் வந்து விழுந்ததில்லை. இடத்தையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் வேறொரு முறையும் இருக்கிறது. அதில் இவை தலைகாட்டுவதே இல்லை. அவ்வளவு ஏன், காந்தத்திலிருந்து துகள் கொட்டி ஆணியில் மோதினால் ஆணி விலகி ஓட வேண்டாமா? எப்படி ஒட்டும்?

சரி, புலத்தில் ஆற்றலே இல்லையா? இருக்கிறது, அளவோடு. 1 டெஸ்லா (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) புலம் ஒரு கன மீட்டர் முழுக்க நிறைந்திருந்தால் சுமார் 4 லட்சம் ஜூல். நல்ல நியோடிமியம் காந்தத்தின் முகப்பில் கிடைப்பதே அரை டெஸ்லா அளவுதான். அந்த 4 லட்சத்தையும் ஒட்ட உறிஞ்சினால்கூட 3 கிலோவாட் மெஷின் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், அப்புறம் நின்றுவிடும். ஆணியை இழுக்கும்போது காந்தம் கொடுத்ததை, பிரிக்கும்போது உங்கள் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். ஃபிரிட்ஜ் கதவில் வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்றால், சுவரில் அடித்த ஆணியும்தான் காலண்டரை வருஷம் பூராவும் தாங்குகிறது. அதற்கு யாரும் கரண்ட் பில் கட்டுவதில்லை.

அடுத்து அவர் ‘காசிமிர் விளைவு’ என்பார், அதாவது வெற்றிடத்தில் மிக நெருக்கமாக நிற்கும் இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுப்பது. அது நிஜம். 1948இல் கணித்தார்கள், பிறகு அளந்தும் பார்த்துவிட்டார்கள். ஒரு சதுர மீட்டர் உலோகத் தகடுகள் இரண்டை ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் நிறுத்தினால், அவற்றுக்கிடையே உள்ள ஈர்ப்பு கால் கிராம் எடைகூட வராது. ஒருமுறை ஒட்டினால் அதோடு சரி.

காப்புரிமை விண்ணப்ப எண்ணைக் காட்டினாலும் அசராதீர்கள். விண்ணப்பம் யார் வேண்டுமானாலும் போடலாம். நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணானதற்குக் காப்புரிமை கிடையாது என்று 1970ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் பிரிவு 3(அ) சொல்கிறது.

எல்.இ.டி. பல்புகளை எரியவிட்டுக் காட்டுவதை நம்ப வேண்டாம். 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை உள்ளே ஒளித்து வைத்தால், 9 வாட் பல்பு நூற்றைம்பது இருநூறு மணி நேரம்வரை எரியும். உங்கள் பட்டறையில், எந்த ஒயரும் தொடாத மேஜையில் மெஷினை வைக்கச் சொல்லி 1000 வாட் வாட்டர் ஹீட்டரை மாட்டுங்கள். அதே பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு நாள் முழுக்க, அதாவது 24 யூனிட், ஓடிய பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.