மையர் என்னும் ஜெர்மன் குடும்பப் பெயர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கம்பெனியின் ஜெர்மன் கிளையில் மூன்று பேருக்கு மையர் என்று பெயர். மூவரும் மூன்று விதமாக எழுதுகிறார்கள். சொந்தக்காரர்களா?

பெயரை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. ஒலி ஒன்றுதான், எழுத்து வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்: ஹனோவர் பக்கம் எம்-இ-ஒய்-இ-ஆர், வூர்ட்டம்பர்க் பக்கம் எம்-ஏ-ஐ-இ-ஆர், பவேரியாவின் தெற்கிலும் ஆஸ்திரியாவிலும் எம்-ஏ-ஒய்-ஆர். அந்தக் காலத்தில் பாதிரியார் காதில் விழுந்தபடிதான் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதுவார், அதனால் ஒரே ஆளின் பெயரே கல்யாணத்தில் ஒரு மாதிரியும் பிள்ளை பிறந்தபோது வேறு மாதிரியும் இருக்கும். 1876-ல் ஜெர்மன் பேரரசு முழுக்க அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்த பிறகுதான் எழுத்து நிலைத்தது. ஆகவே முன்னோரைத் தேடுகிறவர்கள் தயவுசெய்து எல்லா எழுத்துகளிலும் தேடுங்கள்.

கேள்வி: நகர மேயருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இரண்டுக்கும் மூலம் லத்தீன் 'மையோர்', பெரியவர் என்று பொருள். ஆனால் ஜெர்மன் மையர் நகரத்து ஆள் இல்லை, நம் ஊர்ப் பண்ணைக் காரியஸ்தர் மாதிரி. பிரபுவோ மடாலயமோ வைத்திருந்த நிலங்களைப் பார்த்துக்கொண்டு, குடியானவர்களிடம் தானியம், கோழி, முட்டை என்று வசூலித்துச் சேர்ப்பது அவர் வேலை. அப்புறம் அந்தப் பண்ணையையே குத்தகைக்கு எடுத்த பெரிய விவசாயிக்கும் அந்தப் பெயர் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மையர் இருந்தால் என்ன செய்வது? மேட்டுப் பண்ணைக்காரர் ஓபர்மையர், கீழ்ப் பண்ணைக்காரர் நீடர்மையர். எனக்கு இந்தப் பெயர்களில் மிகவும் பிடித்தது இதுதான், நிலத்தின் மேடு பள்ளமே பெயரில் இருக்கிறது.

கேள்வி: யூதர்களிலும் மையர் இருக்கிறார்களே?

அது தனி வேர். எபிரேய மொழியில் 'மெயிர்' என்றால் ஒளி தருபவர். ஆஸ்திரியாவில் 1787-லும் பிரஷ்யாவில் 1812-லும் யூதர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கட்டாயமானபோது, மெயிர் என்ற முன்னோர் பெயரைப் பலர் ஜெர்மன் வடிவில் எழுதிக்கொண்டார்கள். இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மெயிர் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர், கணவர் வழியில் வந்த மையர்சன் என்ற பெயரை 1956-ல் எபிரேயமாக்கிக்கொண்டார். இதனால் மையர் என்று கேட்டதுமே ஒருவருடைய மதத்தைச் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது.

கேள்வி: தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் பெயருக்கு அர்த்தம் உண்டா?

முன்பாதி ஆடு, பின்பாதி உரித்த தோல். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த அவர் சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர்.