ஊரே கொண்டாடுகிறது என்பதாலேயே ஒதுக்கி வைத்து, பிறகு நீங்கள் ரசிக்கத் தொடங்கிய இசைக்கலைஞர் யார்?

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்.

நான் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவன். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று இருபது வருடமாக மேடைதான் பிழைப்பு. ராஜா சார் பாட்டுகளையும் ரஹ்மான் பாட்டுகளையும் வாசித்து வாசித்துப் பழகிய காது. ஆங்கிலப் பாட்டு பிடிக்காது என்றில்லை. ஆனால் இந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும். பாட்டைப் பற்றிப் பேசுபவர்களைவிட அவர் யாரோடு சுற்றுகிறார் என்று பேசுபவர்கள்தான் அதிகமாகத் தெரிந்தார்கள். 2022 நவம்பரில் அவருடைய கச்சேரி டிக்கெட் விற்பனையில் இணையதளமே திணறி, அது அமெரிக்க செனட் விசாரணை வரை போனது. ஒரு பாடகிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, உள்ளே சரக்கு இருந்தால் இத்தனை சத்தம் எதற்கு என்றுதான் நினைத்தேன்.

அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரி போகிறாள். அந்தக் கச்சேரியைப் படமாக எடுத்து 2023 நவம்பரில் இங்கே தியேட்டரில் போட்டார்கள். "வாங்க மாமா, பிடிக்கலைன்னா பாதியிலேயே கிளம்பிடலாம்" என்றாள். அவளுக்காகப் போனேன்.

இரண்டே முக்கால் மணி நேரம். நான் எழுந்திருக்கவில்லை. மேடையில் நிற்பவனுக்குத் தெரியும், இரண்டாவது மணி நேரத்தில் தொண்டை என்ன ஆகும் என்று. எங்கள் குழுவில் நான்கு பாடகர்கள் மாறி மாறிப் பாடுவார்கள், அப்படியும் பத்தரை மணிக்கு மேல் வெந்நீர் பிளாஸ்க்கைத் தேடுவார்கள். அவர் ஒரே ஆளாக, ஆடிக்கொண்டே, சுமார் நாற்பது பாட்டுகளைப் பாடுகிறார். நேரில் நடந்த கச்சேரி மூன்று மணி நேரத்துக்கும் மேல். 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரை மொத்தம் 149 கச்சேரிகள். இதற்காக ஆறு மாதம் முன்பிருந்தே ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே முழுப் பாட்டு வரிசையையும் சத்தமாகப் பாடிப் பழகியதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். வேகப் பாட்டுக்கு ஓட்டம், மெதுவான பாட்டுக்கு நடை. ரிகர்சல் என்றால் இதுதான் ரிகர்சல். அந்த உழைப்பை விளம்பரத்தால் உண்டாக்க முடியாது.

சரி, உழைப்பாளி என்று ஒப்புக்கொண்டேன். பாட்டுகளை மதிக்க வைத்தது வேறு ஒன்று.

அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, அப்போது அவரிடம் இல்லை. முதலில் ஒப்பந்தம் போட்ட கம்பெனியிடம் இருந்தது. 2019இல் அந்தக் கம்பெனி கைமாறியபோது பதிவுகளும் சேர்ந்தே கைமாறின. ஆனால் பாட்டை எழுதியவர் என்ற உரிமை அவரிடம் இருந்தது. ஒப்பந்தத்தின் தடைக்காலம் முடிந்ததும் பழைய ஆல்பங்களை முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்யத் தொடங்கினார். 2021 முதல் 2023க்குள் நான்கு ஆல்பங்கள் வந்தன. ரசிகர்கள் புதிய பதிவுக்கு மாறினார்கள். 2025 மே மாதம் பழைய மாஸ்டர்களையும் விலை கொடுத்து வாங்கிவிட்டார். பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நமக்கும் புதிதல்ல, ராஜா சார் அதற்காகப் பல வருடமாக நீதிமன்றம் போய்க்கொண்டிருக்கிறார். அதனால் இந்தச் செய்தி எனக்கு உடனே பிடிபட்டது.

ஆனால் என்னை உட்கார வைத்தது வழக்கோ பணமோ அல்ல. ரிக்கார்டில் உள்ளதை அப்படியே மறுபடி வாசிப்பதுதான் என் தொழில். ராஜா சாரின் ஒரு இன்டர்லூடில், அதாவது பாட்டின் இடையிசையில், புல்லாங்குழல் முடிந்து வயலின் எடுக்கும் இடம் அரை நொடி பிசகினாலும் முன்வரிசையில் இருப்பவர் முகம் சுளிப்பார். அந்த டோனைக் கொண்டுவர கீபோர்டில் பொருத்தமான பேட்ச், அதாவது ஒலி அமைப்பு, கிடைக்க ஒரு வாரம் தேடியிருக்கிறேன். பதினெட்டு வயதில் தான் பாடிய பாட்டை முப்பத்தொரு வயதில் ஒருவர் அதே போலத் திரும்பப் பாடுகிறார் என்றால் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு ராத்திரி 'லவ் ஸ்டோரி' பாட்டின் 2008 பதிவையும் 2021 பதிவையும் ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். பாஞ்சோ, ஃபிடில், டிரம்ஸ் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கடைசிப் பல்லவியில் சுருதி டி மேஜரிலிருந்து ஈ மேஜருக்கு ஏறும் இடமும் அப்படியே. மாறியது குரல் மட்டும்தான். பழையதில் கொஞ்சம் மூக்கிலிருந்து வரும் சிறுமிக் குரல், புதியதில் மூச்சு நிறைந்த, நிதானமான குரல். எங்கே இழுக்க வேண்டும், எங்கே சொல்லை விழுங்க வேண்டும் என்பதில் அந்தச் சிறுமியை மாற்றாமல் விட்டிருக்கிறார். தன் பழைய பாட்டைத் திருத்த வாய்ப்புக் கிடைத்தும் திருத்தாமல் இருப்பதற்கு, அந்தப் பாட்டின் மேல் பெரிய மரியாதை வேண்டும். அன்றைக்கு நான் முழுமையாக மனம் மாறினேன்.

எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2022இல் வந்த ஆல்பத்தின் வினைல் தட்டை நான்கு அட்டைகளில் விற்றார்கள். நான்கையும் வாங்கிப் பின்பக்கத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம் வரும். பிள்ளைகள் காசை இப்படிப் பிடுங்குவது எனக்கு இன்றும் சரியாகப் படவில்லை, அக்கா மகளிடமும் சொல்லியிருக்கிறேன். அப்புறம், சில ஆல்பங்களில் பாட்டுக்குப் பாட்டு ஒரே மெட்டுச் சாயல் வருகிறது. ஆனால் கொரோனா காலத்தில், 2020இல் வந்த 'ஃபோக்லோர்' அப்படியல்ல. பியானோவும் கிதாரும் குரலும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகின்றன. நல்ல வாத்தியக்காரர்களுக்கு முதலில் அதைத்தான் கேட்கச் சொல்வேன்.

எங்கள் கச்சேரியில் யாரும் இவர் பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பப் போவதில்லை. ஆனாலும் 'லவ் ஸ்டோரி'க்கு நோட்ஸ் எழுதி, நோட்டில் ராஜா சார் பாட்டுகளுக்குப் பின்னால் சேர்த்து வைத்திருக்கிறேன்.