‘வரை’ என்ற சொல்லில் விழுந்தவர்கள்: இணைய இணைப்பு கேள்வி-பதில்

கே: 100 எம்பிபிஎஸ் பிளான். டவுன்லோட் 12-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. புகார் கொடுக்கலாமா?

ப: வேண்டாம், முழுசாக வருகிறது. அவர்கள் விற்பது மெகாபிட், திரையில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்; எட்டால் வகுத்துப் பாருங்கள்.

கே: 300-க்குப் பணம் கட்டுகிறேன். காலை, இரவு எப்போதும் 94-தான். கம்பெனி ‘எங்கள் பக்கம் சரி’ என்கிறது.

ப: ஆடாமல் அசையாமல் 94 என்றால் எங்கோ 100-ல் முட்டுகிறது. 100-ஐத் தாண்டிய கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்கு லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று கிளிப்பில் சரியாகக் கடிபடாவிட்டாலும் 100-க்கு இறங்கிவிடலாம். முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்படியும் 94 என்றால் ரவுட்டர் போர்ட்டையும் கம்ப்யூட்டர் போர்ட்டையும் பாருங்கள். அட்டைப்பெட்டியில் ‘1200’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ரவுட்டர் ஒன்று என் பரணில் கிடக்கிறது; பின்பக்கம் அத்தனை போர்ட்டும் 100.

கே: ஒரே ஒரு வீடியோ தளம் மட்டும் இரவில் திக்குகிறது. எல்லாத் தளத்தையும் கம்பெனி ஒரேபோல நடத்த வேண்டும் என்கிற நெட் நியூட்ராலிட்டி சட்டம் இருந்தால் தீருமா?

ப: விபிஎன் (நீங்கள் எந்தத் தளம் பார்க்கிறீர்கள் என்பதைக் கம்பெனியிடமிருந்து மறைத்து, வேறு வழியாகக் கொண்டுபோகும் செயலி) போட்டு அதே வீடியோவை, அதே நேரத்தில் ஓட்டுங்கள். சீரானால் இரண்டில் ஒன்று: கம்பெனி வேண்டுமென்றே அமுக்குகிறது, அல்லது அந்தத் தளத்தோடு இணையும் வழி நெரிசலாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சட்டத்தில் சிக்கக்கூடியது பெரும்பாலும் முதலாவதுதான்.

அதைப் பிடிப்பதும் லேசில்லை. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணையக் கம்பெனி, பிட்டொரண்ட் என்ற கோப்புப் பகிர்வுப் போக்குவரத்தை முடக்கியது 2007-ல் அம்பலமானது. 2008-ல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி நிறுத்தச் சொன்னது; 2010-ல் நீதிமன்றம் ‘உனக்கு அந்த அதிகாரமில்லை’ என்றது. 2015-ல் நெட் நியூட்ராலிட்டி விதி, 2017-ல் ரத்து, 2024-ல் மறுபடி விதி, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதையும் தள்ளியது. கட்டுப்பாடு வந்தால் முதலீடு குறையும், போட்டியே பார்த்துக்கொள்ளும் என்பது கம்பெனிகளின் வாதம். வாசலுக்கு ஒரே கம்பி வரும் வீட்டில் யாரோடு போட்டி?

நான் கேட்பது அதைவிடச் சின்னது. ‘100 வரை’ என்கிறார்களே, அந்த ‘வரை’யில் 3-ம் அடக்கம்! ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 விதிப்படி, கம்பிவழி இணைப்பென்றால் குறைந்தபட்சம், வழக்கமாகக் கிடைப்பது, அதிகபட்சம், விளம்பரத்தில் சொன்னது என நாலு வேகத்தையும் ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். எழுதியிருந்தால்தான் சண்டை போட முடியும்.

கே: ‘அன்லிமிடெட்’ என்று வாங்கினேன். 300 ஜிபி தாண்டியதும் ஆமை வேகம். அடிக்குறிப்பில் இருந்ததாம், நான் படிக்கவில்லை.

ப: 100 எம்பிபிஎஸ்-ல் 300 ஜிபி தீர 6 மணி 40 நிமிடம் போதும். அடுத்த முறை படியுங்கள்.

கே: மோடத்தைத் திருப்பிக் கொடுத்து மூன்று மாதமாகியும் வாடகை பில் வருகிறது. ரசீது வாங்கவில்லை.

ப: பாவம், இது உங்கள் தப்பில்லை. திருப்பிய தேதி, மோடத்தின் சீரியல் எண், வாங்கிக்கொண்டவர் யார், எல்லாவற்றையும் எழுதி இன்றே மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் கேளுங்கள். சீரியல் எண் பழைய பில்லிலோ மோடம் வந்த பெட்டியிலோ இருக்கலாம். தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வங்கியில் நிறுத்திவிடுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் புகார் எண்ணோடு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போங்கள்.