இங்கிலாந்தில் பேசும் சொல்லை வைத்தே ஒருவர் எந்த வர்க்கம் என்று கண்டுபிடித்துவிடுவார்களாமே, நிஜமா?

ஓரளவு நிஜம்தான். வேடிக்கை என்னவென்றால், நாசூக்கான சொல்தான் காட்டிக்கொடுக்கும். கை துடைக்கும் துணியை மேல்தட்டுக்காரர் 'நாப்கின்' என்பார். 'சர்வியட்' என்று பிரெஞ்சு வாடையோடு சொன்னால் நடுத்தரம். காது கேட்காவிட்டால் மேல்தட்டுக்காரர் வெடுக்கென்று 'வாட்?' என்பார், 'பார்டன்?' என்று பணிவாகக் கேட்பவர் மாட்டிக்கொள்வார். பெரிய இடத்துக்காரருக்கு யாரையும் அசத்த வேண்டிய அவசியம் இல்லையே!

பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஆலன் ராஸ் 1954-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேல்தட்டைப் பிரித்துக்காட்ட மிஞ்சியிருப்பது பேச்சு ஒன்றுதான் என்பது அவர் வாதம். அதில் அவர் தந்த சொற்பட்டியலில் பாதி இன்று பழசாகிவிட்டது.

பழசாகாதது சாப்பாட்டுப் பெயர்கள். வட இங்கிலாந்தின் உழைக்கும் குடும்பங்களில் மதியச் சாப்பாடு 'டின்னர்'. மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தட்டு நிறைய வைத்துச் சாப்பிடுவது 'டீ'. ஆகவே அங்கே யாராவது 'டீக்கு வா' என்றால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

ஒருகாலத்தில் எல்லோருக்குமே டின்னர் பகலில்தான். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பணக்காரர்கள் அதை ராத்திரிக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். இடையில் பசித்தபோது வந்ததுதான் கேக்கும் சின்ன சாண்ட்விச்சும் வைக்கிற நாலு மணித் தேநீர். ஆலையிலிருந்து களைத்து வருகிறவனுக்கு அது எந்த மூலைக்கு? அவன் வீட்டு டீயில் இறைச்சியும் ரொட்டியும் இருந்தன. பள்ளிக்கூட மதிய உணவு பரிமாறும் பெண்களை இன்றும் 'டின்னர் லேடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.