கஞ்சி போட்டும் ரஃப் காலர் தொங்கினால்

உடனே கஞ்சியை இன்னும் கெட்டியாக்க வேண்டாம், முதலில் துணியைச் சந்தேகப்படுங்கள். நாடகத்துக்காகத் தைத்த, முதலாம் எலிசபெத் காலத்து ரஃப் காலருக்கு (கழுத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கும் மடிப்புக் காலர்) இரண்டு தடவை கஞ்சி போட்டும் எட்டு வடிவ மடிப்புகள் தொங்குகின்றன என்றால், கடைக்காரர் 'காட்டன்' என்று கொடுத்த வாயில் (voile) என்ற மெல்லிய துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கலாம். அந்த இழை கஞ்சியை உறிஞ்சாது. கஞ்சி மேலேயே காய்ந்து உதிரும்.

நீளவாக்கில் ஒரு நூல், குறுக்கே ஒரு நூல் உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் விரலில் பொடியும் சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது லினன். கறுத்து மணி போல உருண்டால் பாலியஸ்டர்.

பருத்திதானா? அப்போது புதுத்துணியின் மில் பூச்சு தடுக்கிறது. தையலைப் பிரிக்க வேண்டாம்; வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிவிட்டு மறுபடி கஞ்சியில் முக்குங்கள். சேலைக்குப் போடும் நீர்த்த கஞ்சி இதற்குப் போதாது. ஈரம் பாதி இருக்கும்போதே ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் முடி சுருட்டும் சூடான கர்லிங் ராடை நுழைத்து எடுங்கள். தட்டையாக அயர்ன் செய்தால் வேலை கெட்டது. அன்றும் குச்சி நுழைத்துத்தான் மடிப்பைத் திறந்தார்கள். சும்மா இல்லை, 1564-ல் லண்டனுக்கு வந்த டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண் இந்தக் கஞ்சி வேலையைக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தார்!

ஒன்று மட்டும்: வியர்வையும் மழை ஈரமும் பட்டால் எந்தக் கஞ்சியும் இளகும். நாடகம் நீளமானது என்றால் அடியில் கம்பிச் சட்டம் ஒன்று வைத்துவிடுங்கள்.