எலி அமுக்கும் லீவரை நம்பி மருந்து வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் இளைய மகனுக்கு 24 வயது, நாலு வருஷமாக ‘சுகர்ஸ்’ (ஹெராயின் கலந்த போதைப்பொடி) பழக்கம். இபோகெய்ன் என்ற வேர்ப்பட்டை மருந்தை ஒரே தடவை கொடுத்தால் விட்டுவிடுவான் என்று ஒருவர் சொல்கிறார். “இது ஹெராயின் வகையே இல்லை, எலியை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள், பயப்படாதீர்கள்” என்கிறார். மருந்தில் வித்தியாசம் எலிக்கு எப்படித் தெரியும்? இதை நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: எலிக்கு வித்தியாசம் தெரியும், அம்மா. ஆனால் அதை வைத்து “பயப்படாதீர்கள்” என்று சொல்ல அவருக்கு வழியில்லை. ஏன் என்று புரிய, அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு சின்னக் கூண்டு, அதில் இரண்டு லீவர், நடுவில் தீவனம் விழும் கிண்ணம். எலியை அரைப் பசியில் வைத்திருப்பார்கள். ஒரு நாள் மார்ஃபின் (ஹெராயின் வகை வலிமருந்து) ஊசி. அன்று வலது லீவரைப் பத்துத் தடவை அமுக்கினால் ஒரு தீவன உருண்டை விழும். இன்னொரு நாள் வெறும் உப்புநீர் ஊசி. அன்று இடது லீவருக்குத்தான் தீவனம். கூண்டு, வெளிச்சம், ஊசி குத்தும் வலி எல்லாம் இரண்டு நாளும் ஒன்றே. மாறுவது எலியின் உடம்புக்குள் இருக்கும் உணர்வு மட்டும்தான். “இன்று எனக்கு எப்படி இருக்கிறது” என்பதைப் பார்த்துத்தான் அது லீவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல வாரப் பழக்கத்துக்குப் பிறகு நல்ல எலி பத்துக்கு எட்டுத் தடவைக்கு மேல் சரியாக அமுக்கும். நான் மாணவனாக இருந்தபோது அந்தக் கூண்டு முன்னால் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். சில எலிகள் என்னைவிடத் தெளிவு.

பிறகுதான் உண்மையான சோதனை. புது மருந்தைப் போட்டுவிட்டு, எந்த லீவருக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். மார்ஃபின் பழகிய எலி, அதே வகையான கோடீனுக்கும் மெத்தடோனுக்கும் மார்ஃபின் லீவரையே அமுக்கும். இந்த வகை மருந்துகளுக்கு முறிவான நலாக்ஸோனை முன்கூட்டிக் கொடுத்துவிட்டால், மார்ஃபின் போட்டும் உப்புநீர் லீவருக்குப் போய்விடும், ஏனென்றால் மார்ஃபின் மூளையில் போய் ஒட்டும் இடத்தை, அதாவது அதன் ஏற்பியை, நலாக்ஸோன் அடைத்துவிடுகிறது. எல்எஸ்டி என்ற மாயக்காட்சி மருந்து பழகிய எலி, அதே வகையான சைலோசிபினுக்கு எல்எஸ்டி லீவரை அமுக்கும், மார்ஃபினுக்கு அமுக்காது. அதைத் தடுக்க நலாக்ஸோன் உதவாது, செரட்டோனின் ஏற்பியை அடைக்கும் கெட்டான்செரின் போன்ற மருந்து வேண்டும். ஆக எலி சொல்வது மூளையில் எந்தப் பூட்டு திறந்தது என்பதைத்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உப்புநீர் லீவரை அமுக்கினால் “ஒன்றும் ஆகவில்லை” என்று அர்த்தமில்லை, “நான் பழகியது இது இல்லை” என்றுதான் அர்த்தம். சால்வியா என்ற மெக்சிகோச் செடியின் சத்து மனிதருக்குக் கடுமையான மாயக்காட்சி காட்டும். எல்எஸ்டி பழகிய எலி அதற்கு எல்எஸ்டி லீவரை அமுக்காது. காரணம், அது வேலை செய்வது செரட்டோனின் ஏற்பியில் இல்லை, கப்பா என்ற வேறொரு ஏற்பியில். மறுபக்கம், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லிசுரைடு மனிதருக்கு எல்எஸ்டி போல மாயக்காட்சி தராது, ஆனாலும் எலி அதை எல்எஸ்டி என்றே எடுத்துக்கொள்ளும். எலியின் பதில் எப்போதுமே, நாம் கேட்ட கேள்விக்கு உள்ளேதான்.

உங்கள் இபோகெய்ன் இந்தக் கூண்டில் நடுவில் நிற்கிறது. எல்எஸ்டி பழகிய எலிகளில் அது ஓரளவுக்குத்தான் ஒத்துப்போனது, முழுசாக இல்லை. கபோனில் சடங்குகளில் மெல்லும் ஒரு புதரின் வேர்ப்பட்டையிலிருந்து வருவது அது. நம் வீட்டு வாசலில் பூஜைக்குப் பறிக்கும் நந்தியாவட்டையும் அதே குடும்பம்தான். (அதற்காக நந்தியாவட்டையை அரைத்துக் கொடுக்கச் சொல்லவில்லை.)

அவர் இன்னொரு சோதனையையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார் என்று நினைக்கிறேன். தீவனத்துக்காக இல்லாமல், மார்ஃபினுக்காகவே எலி லீவர் அமுக்கும் சோதனை வேறு. 1991ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஸ்டான்லி கிளிக் குழு, இபோகெய்ன் கொடுத்த எலிகள் மார்ஃபின் எடுப்பதைக் குறைத்ததைப் பார்த்தது. சில எலிகளில் ஒரு ஊசியின் பலன் பல நாள் நீடித்தது, மற்றவைக்கு வாரம் ஒன்றாக இரண்டு மூன்று ஊசி தேவைப்பட்டது. ‘ஒரே தடவை’ என்பது எலிகளிலேயே எல்லோருக்கும் பொருந்தவில்லை.

“ஹெராயின் வகை இல்லை, அதனால் நல்லது” என்ற கணக்கும் தப்பு. அந்தக் கணக்குப்படி மெத்தடோன் கெட்டது, ஏனென்றால் எலி அதை மார்ஃபின் என்கிறது. ஆனால் அது அதே ஏற்பியில் மெதுவாக ஏறி நீண்ட நேரம் தங்குவதால்தான் சிகிச்சையில் உதவுகிறது. சுகர்ஸில் இருக்கும் ஹெராயினும் உடம்புக்குள் மார்ஃபினாகத்தான் மாறுகிறது.

எனக்கு உண்மையில் பயம் இதயத்தைப் பற்றி. இபோகெய்ன் இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும், துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லீரலில் அது நோரிபோகெய்ன் ஆகி உடம்பில் பல நாள் தங்கும். மெத்தடோனும் இதயத்தில் இதே வேலையைச் செய்வது, ஆகவே இரண்டும் சேரக்கூடாது. இதைப் பற்றி எந்த லீவரும் ஒன்றும் சொல்லாது.

வீட்டில், தனி அறையில், டாக்டர் இல்லாமல் வேண்டவே வேண்டாம். எங்கேயாவது யோசிப்பதானால் முதலில் ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும், கல்லீரல் பரிசோதனை. கொடுத்த பிறகு இதயத்தை மானிட்டரில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். இவற்றைக் கேட்டதும் அவர் எரிச்சல்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் அல்லது பியூப்ரெனார்ஃபின் தரும் டாக்டரிடம் முதலில் போங்கள், எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

எந்த வழியில் விட்டாலும், சில வாரம் நிறுத்தியவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி பழைய அளவே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை மகனிடம் நேரடியாகச் சொல்லுங்கள். நலாக்ஸோன் எங்கே கிடைக்கும் என்று டாக்டரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.