கண்ணாடி வாங்க கடையா, ஆன்லைனா?

கேள்வி: எனக்குக் கிட்டப்பார்வை. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.25, சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சமமாக இல்லாதவர்களுக்குப் போடுவது) இல்லை. எங்கள் ஊர் ஆப்டிக்கல்ஸ் கடையில் பிரேம், லென்ஸ் எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய் கேட்கிறார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும் கண்ணாடி ஆன்லைனில் 1,300 ரூபாய். நம்பி வாங்கலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: வாங்கலாம். உங்கள் பவருக்கு ஆன்லைன் ஒத்துவரும். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கடைக்கே இன்னொரு தடவை போய், "லென்ஸ் மட்டும் எவ்வளவு, பிரேம் மட்டும் எவ்வளவு?" என்று பிரித்துக் கேளுங்கள். மொத்தமாகச் சொல்லும் விலையில் எது எங்கே ஏறியிருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். பெரும்பாலும் பிரேமிலும் லென்ஸின் மேல் பூச்சிலும்தான் ஏறியிருக்கும். "மெல்லிசான லென்ஸ் போட்டுக்குங்க" என்று 1.67 இன்டெக்ஸை (இந்த எண் கூடக் கூட லென்ஸ் மெல்லிசாகும்) நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மைனஸ் 2.25க்கு சாதாரண 1.50 லென்ஸே போதும். கொஞ்சம் சின்ன பிரேமாக எடுத்தால் ஓரத் தடிமன் வெளியே தெரியவே தெரியாது.

பழைய பிரேம் நல்ல நிலையில் இருக்கிறதா? அப்படியானால் லென்ஸை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. கடைக்காரர்கள் தாமாக முன்வந்து இதைச் சொல்லவும் மாட்டார்கள்.

ஆன்லைன்தான் என்று முடிவு செய்தால் பவர் சீட்டு மட்டும் போதாது, பிடி (PD) என்கிற அளவும் வேண்டும். ஒரு கண்ணின் பாப்பாவிலிருந்து மறு கண்ணின் பாப்பா வரை உள்ள தூரம் அது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 55 முதல் 70 மில்லிமீட்டருக்குள் இருக்கும். லென்ஸின் மையம் உங்கள் பாப்பாவுக்கு நேராக உட்கார்ந்தால்தான் பார்வை இதமாக இருக்கும். தள்ளி உட்கார்ந்தால் கண் இழுக்கும், தலை வலிக்கும். பவர் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். உங்கள் பவருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் பெரிதாகத் தெரியாது, மைனஸ் 6காரருக்கு நன்றாகவே தெரியும். டாக்டர் எழுதும் சீட்டில் இந்த அளவு பெரும்பாலும் இருக்காது. கம்ப்யூட்டர் பரிசோதனையின்போது மெஷினிலிருந்து வரும் குட்டிக் காகிதத்தில் PD என்று போட்டு ஓர் எண் இருக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிலுள்ள பவரை அப்படியே நம்பி ஆர்டர் போடாதீர்கள். அது தொடக்கக் கணக்குதான். எழுத்துகளைப் படிக்கவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகு எழுதித் தருவதுதான் உங்கள் பவர்.

அடுத்து பிரேம் அளவு. பழைய கண்ணாடியின் காதுக் கம்பிக்கு உள்பக்கம் 52, 18, 140 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்கின் மேல் உட்காரும் இடைவெளி, கம்பியின் நீளம். இதற்கு நெருங்கிய அளவிலேயே எடுங்கள். மாடலின் முகத்தில் அழகாக இருப்பது நம் மூக்கில் வழுக்கி இறங்கும்!

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பழைய கணக்கு இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. தூரத்துக்கும் பவர் உண்டு, வெள்ளெழுத்தும் உண்டு. கோடு தெரியாத புரோக்ரஸிவ் லென்ஸ் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கித் தரலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். இதற்கு நேரில்தான் போக வேண்டும். புரோக்ரஸிவ் லென்ஸில் தூரம், நடுத்தூரம், கிட்டம் என்று மேலிருந்து கீழாக பவர் மாறிக்கொண்டே வரும். எந்த உயரத்தில் எது தொடங்க வேண்டும் என்பதை, அப்பா அந்த பிரேமைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்க்கும்போது லென்ஸில் புள்ளி வைத்துக் குறிப்பார்கள். கொஞ்சம் கீழே போனாலும் பேப்பர் படிக்கத் தலையை அண்ணாந்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் படியிறங்கும்போது தரை அலையும். இந்த வயதில் படியில் தடுமாறுவது சின்ன விஷயமில்லை.

பணம்தான் கவலை என்றால் மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் பவர் உள்ள, கோடு போட்ட பைஃபோகல் லென்ஸை உள்ளூரிலேயே போடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், வேலை நடக்கும். கண் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் கண்ணாடிப் பிரிவில் விலை விசாரிக்கவும் மறக்க வேண்டாம். கடையின் 'இலவசப் பரிசோதனை' பவர் பார்ப்பதோடு முடிந்துவிடும். கண்ணழுத்தம், விழித்திரை, சர்க்கரையால் வரும் பாதிப்பு இதையெல்லாம் கண் டாக்டர்தான் பார்க்க வேண்டும். 58 வயதில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' லென்ஸ் அவசியம் என்கிறார்களே? (வாசகர், சென்னை)

பதில்: அவசியமில்லை. திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பும், இந்த லென்ஸால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. கண் இமைக்காமல் வெறித்துப் பார்ப்பதால்தான் எரிகிறது, அதற்கு லென்ஸ் மருந்தாகாது. அந்தக் காசுக்கு எதிரொளிப்பைக் குறைக்கும் கோட்டிங் போடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றுகிறது. "பவர் போட்டுச் செய்தது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, சேலம்)

பதில்: புதுக் கண்ணாடி சில நாள் அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் தாண்டியும் சுற்றினால், கண்ணாடியையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆப்டிக்கல்ஸ் கடைக்கோ கண் மருத்துவமனைக்கோ போங்கள். லென்சோமீட்டரில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் பவர் தெரிந்துவிடும். 0.12 வித்தியாசம் தொழிலில் சகஜம். 0.25 வந்தால் அது அவர்கள் தவறு. பிடியையும் அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த அளவே தவறு என்றால் சண்டை போட இடமில்லை, அதனால் ஆர்டரில் என்ன பதிந்தீர்கள் என்பதை முதலில் சரிபாருங்கள்.

தவறு அவர்களுடையது என்றால் "திரும்ப எடுக்க மாட்டோம்" என்ற பேச்சு செல்லாது. குறையுள்ள பொருளையும், சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அளந்த பவரைக் கடைச் சீட்டில் எழுதி வாங்கி, படம் எடுத்து, அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டே நாள் கடத்தாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். அப்புறமும் நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு.